"கீழ வச்சு என்னத்த செய்தான்?": ஒரு ரவுண்டும் மூன்று ஸ்கோர் கார்டும்

ஓணத்துக்கு மறுநாள். குமரி மாவட்டத்தில், தக்கலைக்கும் அழகியமண்டபத்துக்கும் நடுவில் ஒரு கல்யாண மண்டபத்தில் அமெச்சூர் எம்.எம்.ஏ. போட்டி. குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த சண்டை அது. வாசலில் முந்தின நாள் போட்ட அத்தப்பூக்கோலம் மிதிபட்டுக் கிடந்தது. உள்ளே நாற்காலிகளை எல்லாம் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, லாரியில் கொண்டுவந்த பாக்ஸிங் ரிங்கை நடுவில் பூட்டியிருந்தார்கள். கேஜ் என்கிற கம்பிக் கூண்டு கிடையாது. முந்நூறு பேராவது இருப்பார்கள். ரவுண்டுக்கு ரவுண்ட் புள்ளி எழுதுகிற மூன்று ஜட்ஜ்களில் நானும் ஒருவன்.

நான் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர். கபடிக்கும் பாக்ஸிங்குக்கும் பல வருஷமாக நடுவராக நின்றவன். எம்.எம்.ஏ. ஜட்ஜிங்கை ஆன்லைன் வகுப்பில் கற்றுக்கொண்டு, அன்றைக்கு ஏழாவது தடவையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்று நான் எழுதிய ஒரு எண்ணால், ஒரு பையனுக்குக் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனது. நடந்தது என்ன, எங்கே தவறினேன், உலக அளவில் பேசப்பட்ட தீர்ப்புகளோடு ஒப்பிட்டால் என் தவறு எந்த வகை என்பதை முழுசாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. நம் மாவட்டத்தில் இந்த விளையாட்டு இப்போதுதான் வேர் பிடிக்கிறது. ஜட்ஜாக உட்காரப் போகிற அடுத்த ஆள் இதைப் படிக்கட்டும்.

சண்டை 65 கிலோ பிரிவு. 3 நிமிடம் வீதம் 3 ரவுண்ட். சிவப்பு மூலையில் குலசேகரம் பக்கத்துப் பையன், பத்தொன்பது வயது. விடியுமுன் அப்பாவோடு ரப்பர் வெட்டப் போய்விட்டு, அப்புறம் காலேஜுக்குப் போகிறவன். சின்ன வயதிலிருந்து ஓர் ஆசானிடம் அடிமுறை என்கிற நம்மூர்ச் சண்டைக்கலை படித்தவன். சுவடும் (காலடி வைப்பு) பூட்டும் அவன் உடம்பில் ஊறியது, எம்.எம்.ஏ.வுக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. நீல மூலையில் குளச்சல் பக்கத்துக் கடற்கரைப் பையன். வலை இழுத்து உரமேறிய கை. பிடித்தால் விடமாட்டான்.

முதல் ரவுண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிவப்பு தள்ளி நின்றே அடித்தான். நேராக விட்ட வலது குத்தில் நீலத்தின் மூக்கில் ரத்தம் வந்தது. மூன்று பேரும் 10-9 சிவப்புக்கு எழுதினோம், அதாவது ரவுண்டை ஜெயித்தவனுக்கு 10, மற்றவனுக்கு 9.

இரண்டாவது ரவுண்டுதான் விஷயமே.

மணி அடித்த முதல் 50 விநாடியில் சிவப்பு நான்கு லெக் கிக் போட்டான். நாலும் ஒரே இடம்: நீலத்தின் இடது தொடையின் வெளிப்பக்கம், முட்டிக்கு ஒரு சாண் மேலே. மூன்றாவது உதை விழுந்ததும் நீலம் கால் மாற்றி நின்றான். அதாவது, அடிபட்ட காலைப் பின்னால் கொண்டுபோய் ஒளித்தான். திரும்ப முன்னால் வைக்கும்போது நான்காவது விழுந்தது. குதிகால் ஒரு நொடி தரையில் படவே இல்லை. ஐந்தாவது உதை வரும்போது நீலம் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு, தோளால் முட்டிக் கீழே தள்ளினான். அழகான டேக்டவுன். மண்டபம் முழுக்க எழுந்து நின்றது.

அதற்கப்புறம் மணி அடிக்கிற வரைக்கும், இரண்டு நிமிடத்துக்கு மேல், நீலம் மேலே, சிவப்பு கீழே. என் நாற்காலி சமையல்கட்டுப் பக்கம் இருந்தது. ரிங்கின் மூலைக் கம்பம் என் பார்வைக்கு வலது பக்கத்தில் குறுக்கே. ரெஃப்ரி குனிந்து பார்க்க வந்து நின்ற இடம் எனக்கு நேர் முன்னால். நான் பார்த்தது ரெஃப்ரியின் கருப்புப் பேன்ட்டையும் நீலத்தின் அகன்ற முதுகையும்தான். கடற்கரையிலிருந்து இரண்டு வேன் நிறைய வந்திருந்த கூட்டம் எனக்குப் பின்னால் நின்று, அந்த முதுகு அசையும்போதெல்லாம் ஆர்ப்பரித்தது. மணி அடித்ததும் 10-9 நீலம் என்று எழுதினேன். கை நடுங்கவில்லை, சந்தேகமும் வரவில்லை. இப்போது நினைத்தால் அந்தச் சந்தேகம் வராததுதான் என்னைச் சுடுகிறது.

மூன்றாவது ரவுண்ட் நியாயமாகவே நீலத்துக்குப் போனது. நொண்டிக்கொண்டே வந்து, பிடித்து, முதுகேறி, கழுத்தைப் பூட்டப் பார்த்தான். அதில் கருத்து வேறுபாடே இல்லை.

ஆக, எனக்கு 29-28 நீலம். மேடைப் பக்கம் இருந்த ஜட்ஜுக்கும் 29-28 நீலம். எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு 29-28 சிவப்பு. இரண்டுக்கு ஒன்று என்று பிரிந்த தீர்ப்பு, ஸ்பிளிட் டிசிஷன். நீலத்தின் கையை ரெஃப்ரி தூக்கியதும் மண்டபத்தில் பாதிப் பேர் "கள்ளக்களி, கள்ளக்களி" என்று கத்தினார்கள். நாற்காலிகள் சரிந்தன. சிவப்பு மூலைப் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிராளியைக் கட்டிப்பிடித்தான், ஆசான் காலைத் தொட்டான், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

ஆசான் போகவில்லை. எழுபதைத் தாண்டியவர், மடித்துக் கட்டிய வேட்டி. கூட்டம் கலைகிற வரைக்கும் ஓரமாக நின்றுவிட்டு, கடைசியில் என்னிடம் வந்தார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்கிற மாதிரிதான் கேட்டார்.

"சாரே, அவன் கீழ வச்சோண்டு இருந்தான், செரி. அங்க வச்சு என்னத்த செய்தான்?"

"கண்ட்ரோல், ஆசானே. முழு ரவுண்டும் அவன் கையிலதான இருந்துது?"

"அது பிடி. பிடிச்ச பெறவு என்ன செய்தான்னு கேட்டேன்."

எனக்குப் பதில் வரவில்லை. அவரே சொன்னார்: "அடி பட்டவன் வாயால சொல்லமாட்டான் சாரே. காலு சொல்லும். அடுத்த ரவுண்டுல அவனுக்க காலப் பாத்தியளா?" அவ்வளவுதான். பையன் நிற்கிற இடத்துக்குப் போய்விட்டார்.

வீடியோவில் தெரிந்தது

அன்று ராத்திரி அந்தச் சண்டையை எடுத்த மூன்று செல்போன் வீடியோக்களைக் கேட்டு வாங்கினேன். ஒன்று என் பக்கத்திலிருந்து எடுத்தது, ஒன்று எதிர்ப்பக்கம், ஒன்று மாடியிலிருந்து. சத்தத்தை நிறுத்திவிட்டு இரண்டாவது ரவுண்டை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

நீலம் மேலே இருந்த இரண்டு நிமிடத்தில் கொடுத்த குத்து ஆறு. ஆறும் விலா எலும்புப் பக்கம், ஒரு கை தூரம்கூட ஓங்காமல் தட்டியது. மற்ற நேரமெல்லாம் நெஞ்சோடு நெஞ்சை ஒட்டி அழுத்திப் பிடித்ததுதான். கீழே இருந்த சிவப்போ, நடுவில் ஒரு இடத்தில் இடுப்பைத் திருப்பி, நீலத்தின் வலது கையைத் தொடைகளுக்கு நடுவில் சிக்கவைத்து, முழங்கையை முறிக்கிற ஆர்ம்பார் பூட்டைப் போட்டிருக்கிறான். எதிர்ப்பக்க வீடியோவில் அந்த முழங்கை நேராக நீண்டுவிட்டது கண்ணாடி மாதிரித் தெரிகிறது. ஐந்து விநாடி இருக்கும். நீலத்தின் இடது கை, விட்டுவிடுகிறேன் என்று தட்டுவதற்கு உயர்ந்து, தட்டாமல் நின்றது. அப்புறம் உடம்பை முன்னால் மடக்கி நெருக்கி, கையை உருவிக்கொண்டான்.

என் பக்கத்திலிருந்து எடுத்த வீடியோவில் அந்த ஐந்து விநாடியும் ரெஃப்ரியின் கால்தான் இருக்கிறது. அதாவது நான் பார்த்ததும் அதுதான். முதுகு அசைந்தது, கூட்டம் கத்தியது, நீலம் ஏதோ பெரிதாக அடிக்கிறான் என்று நான் எடுத்துக்கொண்டேன். உண்மையில் அது கையை விடுவித்துக்கொள்ள அவன் பட்ட பாடு.

மேடைப் பக்க ஜட்ஜிடம் போனில் கேட்டேன். அவருக்கு ஆர்ம்பார் தெரிந்திருக்கிறது. "ஆனா டேக்டவுன் எடுத்ததும் அவன்தான, முடிக்கும்போது மேல இருந்ததும் அவன்தான அண்ணே?" என்றார். அவர் தவறு பார்வையில் இல்லை, எடைக்கல்லில். என்னிடம் இரண்டுமே பிசகியிருந்தது.

விதி சொல்வது

1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில், இன்று எம்.எம்.ஏ.வின் பெரிய மேடையான யு.எஃப்.சி.யின் முதல் போட்டி நடந்தபோது ஜட்ஜே கிடையாது. ஒருவன் விழ வேண்டும், தட்ட வேண்டும், அல்லது மூலையிலிருந்து துண்டு வர வேண்டும். அது எவ்வளவு தூரம் போகும் என்பது 1995 ஏப்ரலில் தெரிந்தது. ராய்ஸ் கிரேஸியும் கென் ஷாம்ராக்கும் 36 நிமிடம் மோதியும் முடிவில்லாமல் டிரா ஆனது. யார் நன்றாகச் செய்தார் என்று சொல்ல ஆளே இல்லை. 2000-த்தில் நியூஜெர்ஸியில் உருவான ஒருங்கிணைந்த விதிகள் பாக்ஸிங்கின் 10 புள்ளி முறையை அப்படியே எடுத்துக்கொண்டன. ரவுண்டை ஜெயித்தவனுக்கு 10, மற்றவனுக்கு 9. பெரிய வித்தியாசம் என்றால் 8. மூன்று பக்கம் மூன்று பேர், ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது, ஒவ்வொரு ரவுண்டும் முடிந்ததும் சீட்டைக் கொடுத்துவிட வேண்டும்.

எதைப் பார்த்து 10 கொடுப்பது என்பதில்தான் குழப்பம் இருந்தது. 2016 ஆகஸ்டில் அதைத் திருத்தி எழுதினார்கள். 2017 ஜனவரியிலிருந்து நடைமுறை. அதில் ஒரு வரிசை உண்டு, அந்த வரிசைதான் உயிர். முதலில் பலன் தந்த அடியும் பலன் தந்த பிடியும். அது இரண்டு பேருக்கும் முழுக்கச் சமம் என்றால் மட்டும் யார் துணிந்து ஏறிப் போனார்கள் என்று பார். அதுவும் சமம் என்றால் மட்டும் ரிங்கை யார் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார்கள் என்று பார். கண்ட்ரோல் என்பது மூன்றாவது படி. முதல் படியிலேயே விடை கிடைத்துவிட்டால் மூன்றாவதுக்குப் போகவே கூடாது.

அடிகளில்கூட, உடனே பலன் காட்டுகிற அடிக்குச் சேர்ந்து சேர்ந்து பலன் தருவதைவிட எடை அதிகம். டேக்டவுனைப் பற்றியும் அந்த விதி தெளிவாகவே பேசுகிறது: கீழே தள்ளுவது வெறும் நிலை மாற்றம் அல்ல, அங்கிருந்து தாக்குதல் தொடங்கினால்தான் அதற்கு மதிப்பு. மேலே இருக்கிறவனையும் கீழே இருக்கிறவனையும் அவர்கள் இருக்கிற இடத்தை வைத்து அல்ல, செய்ததன் பலனை வைத்தே எடைபோட வேண்டும்.

இதையெல்லாம் நான் வகுப்பில் படித்திருக்கிறேன், தேர்வும் எழுதியிருக்கிறேன். ஆசான் ஒரு வரிகூடப் படித்ததில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விதான் அந்த விதியின் சாரமே.

அதன்படி பார்த்தால் இரண்டாவது ரவுண்ட் யாருக்கு? நடையை மாற்றவைத்த நான்கு உதை, கையை முறிக்கிற அளவுக்குப் போன ஒரு பூட்டு, இரண்டும் சிவப்புடையவை. நீலத்துக்கு ஒரு டேக்டவுன், பலனில்லாத ஆறு குத்து, இரண்டு நிமிட அழுத்தம். முதல் படியிலேயே விடை இருக்கிறது. 10-9 சிவப்பு. மொத்தம் 29-28 சிவப்பு. எதிர்ப்பக்க ஜட்ஜ் எழுதியதுதான் சரி.

பெரிய மேடையில் இதே தவறு

லெக் கிக்கை ஜட்ஜ்கள் மதிக்காமல் விட்ட சண்டைகளில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 2009 அக்டோபர் 24, லாஸ் ஏஞ்சல்ஸ். யு.எஃப்.சி. சாம்பியன் லியோட்டோ மச்சிடாவுக்கு எதிராக மவுரீசியோ ஷோகுன் ருவா. ஐந்து ரவுண்டும் ருவா காலையும் விலாவையும் உதைத்துக்கொண்டே இருந்தார். சண்டை முடிந்ததும் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் பட்டம் கைமாறிவிட்டது என்றே நினைத்தார்கள். மூன்று ஜட்ஜும் 48-47 மச்சிடாவுக்குக் கொடுத்தார்கள். முகத்தில் பட்டால் தலை பின்னால் போகும், எல்லோருக்கும் தெரியும். தொடையில் பட்டால் அப்படி எதுவும் தெரியாது. அடுத்த அடி எடுத்து வைக்கும்போதுதான் தெரியும். ஆசான் சொன்ன "காலு சொல்லும்" என்பது இதுதான். 2010 மே 8-ந்தேதி மான்ட்ரியலில் இருவரும் திரும்ப மோதினார்கள். முதல் ரவுண்டிலேயே ருவா மச்சிடாவை வீழ்த்தினார். இந்தத் தடவை கார்டுக்கு வேலையே இல்லை.

அந்தக் காலத்தில் "சாம்பியனிடமிருந்து பட்டத்தை எடுக்க வேண்டுமென்றால் தெளிவாக அடித்து எடுக்க வேண்டும்" என்று ஒரு பேச்சு இருந்தது. இன்றும் இருக்கிறது. விதியில் அப்படி ஒரு வரி கிடையாது. சாம்பியனும் எதிராளியும் ஒவ்வொரு ரவுண்டையும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

என் தவறுக்கு இன்னும் நெருக்கமானது 2020 பிப்ரவரி 8, ஹூஸ்டன். சாம்பியன் ஜான் ஜோன்ஸ் எதிர் டாமினிக் ரெய்ஸ். முதல் மூன்று ரவுண்டில் ரெய்ஸின் அடிகள்தான் அதிகம் பட்டன என்பது அன்று கார்டு எழுதிய பத்திரிகையாளர்களில் பெரும்பாலானோர் கருத்து. ஜோன்ஸ் முன்னேறிக்கொண்டே இருந்தார், ரெய்ஸ் பின்வாங்கிக்கொண்டே அடித்தார். முன்னேறுகிறவன் ஜெயிக்கிறான் என்று கண் நம்பிவிடும். விதிப்படி முன்னேறுவதற்கு முதல் படியில் இடமே இல்லை. இரண்டு ஜட்ஜ் 48-47, மூன்றாமவர் 49-46, எல்லாம் ஜோன்ஸுக்கு. 48-47 என்பதையாவது விவாதத்துக்கு உரியது என்று விட்டுவிடலாம். 49-46 என்றால் ரெய்ஸ் ஐந்தில் ஒரே ஒரு ரவுண்டைத்தான் ஜெயித்தார் என்று அர்த்தம். அதை என்னால் எந்தப் பக்கமிருந்து பார்த்தும் ஏற்க முடியவில்லை. தோல்வியே தெரியாமல் வந்த ரெய்ஸுக்கு அதுதான் முதல் தோல்வி. அதற்கு அடுத்த மூன்று சண்டையிலும் அவர் நாக்அவுட் ஆகி விழுந்தார். ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று சொல்ல நான் யார்? ஆனாலும் அந்த வரிசையைப் பார்க்கும்போது எனக்குக் குலசேகரம் பையனின் முகம்தான் வருகிறது.

ஒரே ஒரு ரவுண்ட் முழுச் சண்டையையும் தூக்கிக்கொண்டு போவதற்கு 2013 நவம்பர் 16 லாஸ் வேகாஸ் சண்டையைச் சொல்லலாம். சாம்பியன் ஜார்ஜ் செயின்ட் பியர் எதிர் ஜானி ஹென்ட்ரிக்ஸ். நான்கு ரவுண்டில் மூன்று ஜட்ஜும் ஒத்துப்போனார்கள். முதல் ரவுண்டில் மட்டும் பிரிந்தார்கள். அதிலேயே பட்டம் செயின்ட் பியரிடம் தங்கியது. அடுத்த மாதமே அவர் பட்டத்தைத் துறந்து ஒதுங்கினார், ஹென்ட்ரிக்ஸுக்கு அவரோடு மறு சண்டை கிடைக்கவே இல்லை.

எண்ணிக்கையை மட்டும் நம்பினாலும் சிக்கல்தான். 2016 ஜனவரி 2 அன்று கார்லோஸ் கான்டிட் 176 முக்கிய அடிகளைப் பதித்தார், ராபி லாலர் 92. தீர்ப்பு ஸ்பிளிட் டிசிஷனில் லாலருக்கு. பலரும் கொதித்தார்கள். நான் அந்தத் தீர்ப்போடு சண்டை பிடிக்கமாட்டேன். லாலரின் அடி எண்ணிக்கையில் பாதிதான், ஆனால் பட்டபோதெல்லாம் கான்டிட்டின் உடம்பு பேசியது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் "அவன் இத்தன அடிச்சான், இவன் இத்தனதான்" என்று வாதாடும்போது இந்தச் சண்டையைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.

இந்தியப் பெண் ஒருவருக்குக் கிடைத்த முதல் யு.எஃப்.சி. வெற்றியும் இப்படி ஒரு பிளவுத் தீர்ப்பில்தான் வந்தது. 2024 ஜூன் 8-ல், லூயிவில் நகரில், உத்தரப் பிரதேசத்துப் பூஜா தோமர் பிரேசிலின் ரயான் டோஸ் சான்டோஸை வென்றார். கார்டுகளைப் பாருங்கள்: ஒருவர் 30-27 பூஜாவுக்கு, ஒருவர் 27-30 எதிராளிக்கு, ஒருவர் 29-28 பூஜாவுக்கு. ஒரே சண்டை, மூன்று ரவுண்டும் பூஜாவுக்கே என்கிறார் ஒருவர், மூன்றும் எதிராளிக்கே என்கிறார் இன்னொருவர். நாம் எல்லோரும் கைதட்டினோம், நானும் தட்டினேன். அந்த மூன்றாவது சீட்டில் ஒரு எண் மாறியிருந்தால் அதே நாம் என்ன பேசியிருப்போம் என்றும் யோசித்தேன்.

10-8-ஐத் தாராளமாகக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் இருந்தேன். இரண்டு ரவுண்டை மயிரிழையில் ஜெயித்தவனும், ஒரே ரவுண்டில் எதிராளியை நொறுக்கியவனும் மோதினால் இன்றைய கணக்கில் முதலாமவன் 29-28 என்று போய்விடுகிறான். நொறுக்கியதற்கு 10-8 கொடுத்தால் 28-28, டிரா. நியாயம்தானே? ஆனால் 2023 செப்டம்பர் 16-ல் அலெக்ஸா கிராஸோவும் வாலன்டீனா ஷெவ்சென்கோவும் மோதியபோது கடைசி ரவுண்டுக்கு ஒரு ஜட்ஜ் கிராஸோ பக்கம் 10-8 போட்டார். மற்ற இருவருக்கும் அது 10-9-தான். அவர் சீட்டு 47-47 ஆனது, சண்டை டிரா, பட்டம் கிராஸோவிடமே இருந்தது. அவரும் 10-9 போட்டிருந்தால் ஷெவ்சென்கோ ஜெயித்திருப்பார். அந்த ரவுண்ட் 10-8-க்கு உரியது என்று சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். எண்ணைத் தாராளமாக்குவதால் மட்டும் கண் சரியாகாது.

ரவுண்ட் ரவுண்டாக வெட்டாமல் முழுச் சண்டையையும் ஒன்றாக எடைபோடும் முறையும் இருக்கிறது. ஆசியாவின் ஒன் சாம்பியன்ஷிப் அப்படித்தான் செய்கிறது; எதிராளியை முடித்துவிடுகிற அளவுக்குப் போனவர் யார் என்பதுதான் அங்கே முதல் கேள்வி. ஆசானிடம் இதைச் சொன்னபோது "அதுதான் முறை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. முழுசாகப் பார்க்கும்போது கடைசியில் பார்த்ததுதான் மனசில் நிற்கும். எங்கள் சண்டையில் கடைசியில் பார்த்தது நீலம் முதுகேறியது.

கூட்டத்தின் சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014 ஜூனில் அல்புகர்க்கி நகரில், அந்த ஊர்க்காரரான டியேகோ சான்செஸ் ராஸ் பியர்சனை ஸ்பிளிட் டிசிஷனில் வென்றார். ஒரு ஜட்ஜ் மூன்று ரவுண்டையுமே சான்செஸுக்குக் கொடுத்திருந்தார். சான்செஸ் கையை வீசினாலே அரங்கம் அதிர்ந்தது, பட்டதா படவில்லையா என்பது அப்புறம். எனக்குப் பின்னால் நின்ற இரண்டு வேன் கூட்டமும் அதே வேலையைத்தான் செய்தது. யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை. காது வழியாக வந்தது கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இதனால்தான் "ஜட்ஜை விலைக்கு வாங்கிவிட்டான்" என்ற பேச்சு வரும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. கோபம் புரிகிறது. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் மணிப்பூரின் சரிதா தேவி, பாக்ஸிங் அரையிறுதியில் தென்கொரியாவின் பார்க் ஜி-னாவிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்டு, பதக்க மேடையில் வெண்கலத்தை வாங்கி அதே பார்க்கின் கழுத்தில் போட்டுவிட்டு அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவருக்குக் கிடைத்தது ஒரு வருஷத் தடை. தவறாகத் தீர்ப்பு எழுதியவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள், அதனால் தோற்றவர்கள் அதைச் சுமந்துகொண்டே இருக்கிறார்கள். இது நேர்மையான ஜட்ஜின் தவறுக்கும் பொருந்தும். என் மனசு சுத்தமாக இருந்தது என்பதால் அந்தப் பையனுக்கு ஒரு லாபமும் இல்லை.

அப்புறம் நடந்தது

தீர்ப்பை மாற்ற முடியுமா என்று விசாரித்தேன். முடியாது. கூட்டுச்சதி, கூட்டலில் பிழை, ரெஃப்ரி விதியைத் தவறாகப் புரிந்துகொண்டது, இந்த மாதிரிக் காரணம் இருந்தால்தான் அறிவித்த முடிவைத் தொடலாம். ஜட்ஜ் சரியாகப் பார்க்கவில்லை என்பது அதில் சேராது. இது சரி என்றே நினைக்கிறேன். இல்லையென்றால் ஒவ்வொரு சண்டையும் மறுவாரம் போனில் முடிவாகும்.

ஞாயிற்றுக்கிழமை குலசேகரத்துக்குப் போனேன். ஆசானின் களரி ரப்பர்த் தோட்டத்து ஓரத்தில் ஓலை வேய்ந்த கொட்டகை. பையன் சின்னப் பிள்ளைகளுக்குச் சுவடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். நான் எதிர்ப்பக்க வீடியோவைப் போட்டுக் காட்டி, "இது எனக்குத் தெரியல மக்களே. தெரிஞ்சிருக்கணும். இந்த ரவுண்ட் உன்னுடையது" என்றேன். அவன் அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்று, "எனக்க பிள்ள தோக்கல இல்லியா சாரே?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை, கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தார்.

பையன் வீடியோவை இரண்டு தடவை பார்த்தான். "ரெஃப்ரி நிக்குத இடம் சாரே. இதுல யாரு பாத்தாலும் தெரியாது" என்றான். எனக்காகச் சொன்னான் என்று தெரிந்தது. அப்புறம் கேட்டான்: "அடுத்த வாட்டி எந்தப் பக்கம் இருப்பிய?"

அந்தக் கேள்வியை வைத்துத்தான் போட்டி நடத்துகிற பிள்ளைகளோடு பேசினேன். பெரிய அரங்குகளில் ஜட்ஜ்களுக்கு முன்னால் மானிட்டர் வைக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வசதி இல்லை. ஆனால் மாடியில் ஒரு செல்போனை நிறுத்தி, அதை ஒவ்வொரு ஜட்ஜ் மேஜையிலும் ஒரு பழைய டேப்லெட்டில் ஓடவிடலாம். நாற்காலிகளை அரை அடி உயரப் பலகையின் மேல் போட்டால் கீழ்க் கயிறு கண்ணை மறைக்காது. தரைச் சண்டை நடக்கும்போது, யாருக்காவது தெரியவில்லை என்று கை உயர்த்தினால் ரெஃப்ரி ஒரு அடி நகர வேண்டும் என்று பேசிவைத்தோம். கூட்டத்தை ஜட்ஜ் நாற்காலிக்குப் பின்னால் நிற்கவிடக் கூடாது. அமெரிக்காவின் கான்சாஸில் 2020-லிருந்து செய்வதுபோல ஒவ்வொரு ரவுண்டின் புள்ளியையும் மூலையில் நிற்கிற பயிற்சியாளர்களுக்கு அப்போதே சொல்லிவிடலாமா என்றும் பேச்சு வந்தது. முன்னால் இருக்கிறவன் கடைசி ரவுண்டில் ஓடி ஒளிவான் என்று சிலர் பயந்தார்கள். அதை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறோம். என் ஓட்டு அப்போதே சொல்லிவிடுவதற்குத்தான்: இரண்டாவது ரவுண்ட் தனக்கு வரவில்லை என்று தெரிந்திருந்தால் அந்தப் பையன் மூன்றாவதை வேறு மாதிரி ஆடியிருப்பான்.

ஸ்கோர் கார்டையும் மாற்றினோம். முன்பு இங்கிலீஷில் இரண்டு கட்டம் மட்டும் இருந்தது. இப்போது தமிழில் அச்சடித்த சீட்டு, புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம். அதன் தலைப்பு "என்ன செய்தான்?" ஒரு வரியாவது எழுதாமல் சீட்டைக் கொடுக்கக் கூடாது. போட்டி முடிந்ததும் சீட்டுகளைச் சுவரில் ஒட்டிவிடுவோம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

கிறிஸ்மஸ் சமயத்தில் கருங்கல் பக்கம் நடந்த போட்டியில் அந்தச் சீட்டை முதன்முதலாகப் பயன்படுத்தினோம். எனக்கு மேடைப் பக்க நாற்காலி. இரவு ஒன்பது மணிக்குச் சுவரில் ஒட்டியபோது ஆசான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். என்னுடைய சீட்டில் முதல் வரி இப்படி இருந்தது: "ரவுண்ட் 1, சிவப்பு 10, நீலம் 9. நீலம் ஒன்றரை நிமிடம் மேலே இருந்தான், ஒன்றும் செய்யவில்லை. சிவப்பு கீழிருந்து இரண்டு தடவை கையைப் பூட்டினான், எழுந்ததும் வலது தொடையில் மூன்று உதை. நீலம் மூலைக்கு நொண்டிப் போனான்."